காரைச் சுற்றி ஒரு வட்டம்

காணாமற்போன ஒருவரைத் தேடுவதற்கு வரைபடத்தின் மீது வட்டம் போடுகிறார்கள். அந்த வட்டத்தில் முதலில் அகப்படுகிறவன் தேடுகிறவன்தான். எதைத் தடயமென்று அவன் மதிக்கிறான், எந்த மாதிரிக் கதைகளைப் படித்து வளர்ந்தான், என்ன முடிவு கிடைத்தால் நிம்மதியாகத் தூங்குவான் எல்லாம் அதில் தெரிந்துவிடும். துப்பறியும் கதை என்றாலே மூக்கைச் சுளிக்கும் நம் நண்பர்களிடையே அகதா கிறிஸ்டியின் பெயரை எடுப்பதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அவர் எழுதியதைவிட, 1926 டிசம்பரில் மற்றவர்கள் அவரை வாசித்த விதம்தான் இங்கே எனக்கு முக்கியம்.

டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை இரவு, பெர்க்ஷயரில் சன்னிங்டேலிலிருந்த வீட்டிலிருந்து அவர் தன் காரை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். மறுநாள் காலை அந்த மாரிஸ் கௌலி கார், சர்ரேயில் கில்ஃபர்டுக்கு அருகே நியூலண்ட்ஸ் கார்னர் என்ற மேட்டுச் சரிவில், ஒரு சுண்ணாம்புக்கல் பள்ளத்தின் பக்கத்தில், ஆளில்லாமல் நின்றது. உள்ளே உரோமக் கோட்டும் ஓட்டுநர் உரிமமும் கிடந்தன. டிசம்பர் குளிரில் கோட்டை விட்டுவிட்டு ஒருத்தி எவ்வளவு தூரம் போய்விட முடியும்? சர்ரே போலீஸின் துணைத் தலைமை அதிகாரி கென்வர்டு, அவர் இறந்துவிட்டார், உடல் இங்கேதான் எங்கோ கிடக்கிறது என்று தீர்மானித்துக்கொண்டார். வட்டம் விழுந்துவிட்டது. சைலண்ட் பூல் என்ற குளத்தைத் துழாவினார்கள். ஜான் மன்னன் காலத்தில் அதில் ஒரு பெண் மூழ்கி இறந்ததாக உள்ளூர்க் கதை உண்டு. ஒரு பெண் செத்த நீரில் இன்னொருத்தியைத் தேடுவது எவ்வளவு இயல்பாக இருக்கிறது பாருங்கள். 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கில் பொதுஜனங்கள் புதர்களைத் தடியால் தட்டிக்கொண்டு நடந்தார்கள். எத்தனை ஆயிரம் என்பதில் பத்திரிகைக்குப் பத்திரிகை கணக்கு வேறு. நாய்கள் வந்தன, தேடுதலுக்கு விமானம்கூடப் பறந்தது.

அவரோ 4ஆம் தேதியிலிருந்தே ஏறத்தாழ 200 மைல் வடக்கே, யார்க்ஷயரில் ஹாரகேட் நகரத்து ஓட்டல் ஒன்றில் இருந்தார். பதிவேட்டில் மிஸஸ் தெரசா நீல், கேப் டவுன். கணவர் யாருக்காக அவரை விட்டு விலகத் துடித்தாரோ, அந்தப் பெண்ணின் குடும்பப் பெயர் நீல். ஓட்டலின் வாத்தியக் குழுவினர் அடையாளம் கண்டு போலீசுக்குச் சொல்ல, 14ஆம் தேதி கணவர் நேரில் வந்து பார்த்து உறுதி செய்தார்.

இதில் பரிதாபம், விடை முதலிலேயே தபாலில் வந்துவிட்டது. கணவரின் தம்பி காம்ப்பெல்லுக்கு அவர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். உடம்பு சரியில்லை, யார்க்ஷயரில் ஒரு நீர்ச்சிகிச்சை ஊருக்குப் போகிறேன் என்று. செய்தி போலீசுக்கும் போனது, பத்திரிகையிலும் வந்தது. ஆனாலும் தேடுதலின் மையம் காரைவிட்டு நகரவில்லை. நேராகச் சொல்லப்பட்ட ஒன்றை இத்தனை பேரால் எப்படிப் படிக்க முடியாமல் போயிற்று? கார் ஒரு பிம்பம். கோட்டு, பள்ளம், இருட்டு, எல்லாம் கதையாகக் கூடிவருகின்றன. கடிதத்தில் கதை இல்லை. போதாததற்கு எழுதியவர் துப்பறியும் நாவலாசிரியை. அவர் நேராக ஒன்றைச் சொன்னால் அது நேராக இருக்கக் கூடாது என்பது வாசகனின் சட்டம்.

சக எழுத்தாளர்களின் பங்கு தனி ஸ்வாரஸ்யம். கானன் டாயில் கிறிஸ்டியின் கையுறை ஒன்றைப் பெற்று, பொருளைத் தொட்டு ஆளைச் சொல்லும் ஆவியுலகத் தொடர்பாளர் ஹோரஸ் லீஃபிடம் கொடுத்தார். ஷெர்லக் ஹோம்ஸைச் சிருஷ்டித்த கை கையுறையை நீட்டியது இப்படி. உயிருடன்தான் இருக்கிறார் என்று லீஃப் சொன்னதும், அது பலித்ததும் டாயிலுக்குப் பெருமை. எட்கர் வாலஸ், இது கணவருக்குப் புகட்டும் பாடம், ஆள் லண்டனில் இருப்பார் என்று எழுதினார். டோரதி சேயர்ஸ் நேரிலேயே போனார். சைலண்ட் பூலைப் பார்த்ததும், இங்கே இல்லை என்று சொல்லிவிட்டாராம். 1927இல் வெளிவந்த அவருடைய 'அன்நேச்சுரல் டெத்' நாவலில் ஆளில்லாத காரும் காணாமற்போன இரு பெண்களும் வருகிறார்கள். மூவரில் எனக்கு மதிப்பு சேயர்ஸ் மீதுதான். போய்ப் பார்த்தார், யூகத்தை நாவலுக்குள் கொண்டுபோய் அடைத்தார். அங்கே அது யாரையும் புண்படுத்தாது.

இந்த அமெச்சூர் தைரியத்தின் மூலபுருஷர் எட்கர் ஆலன் போ. 'திருடப்பட்ட கடிதம்' கதையில் போலீஸ் தலைவன் வீட்டை அங்குலம் அங்குலமாகப் பிரித்துச் சோதிக்கிறான், கிடைக்கவில்லை. ட்யூப்பன், ஒளித்தவனின் மனத்தை யோசித்து, கண்ணெதிரே இருந்த கடிதத்தை எடுத்துவிடுகிறான். பரப்பைத் தேடாதே, மனத்தைத் தேடு என்று இதிலிருந்து ஒரு தத்துவமே செய்துவிட்டார்கள். கடிதத்தை அங்கே வைத்ததும் போதான் என்பதை யாரும் நினைப்பதில்லை. தான் ஒளிக்காத ஒன்றைப் போ தேடியபோது என்ன நடந்தது? நியூயார்க்கில் புகையிலைக் கடையில் வேலை பார்த்த மேரி ரோஜர்ஸ் 1841 ஜூலை 25 அன்று காணாமற்போனாள். மூன்று நாள் கழித்து ஹட்ஸன் நதியில் பிணமாக மிதந்தாள். போ அவளைப் பாரிஸுக்கு மாற்றி, ஹட்ஸனை ஸேனாக்கி, 'மேரி ரோஜேயின் மர்மம்' எழுதினார். ட்யூப்பன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல், பத்திரிகைச் செய்திகளை மட்டும் வைத்து, துணிமணிகள் கிடந்த புதர் கொலை நடந்த இடம்தானா என்று அலசுகிறான். கதை தவணைகளில் வந்துகொண்டிருந்த 1842 நவம்பரில், நதிக்கரை விடுதிக்காரி ஒருத்தி, மேரி கருச்சிதைவு முயற்சியில் இறந்ததாக மரணப் படுக்கையில் சொன்னாள் என்று செய்தி. கடைசித் தவணை 1843 பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று. 1845 தொகுப்பில் போ அங்கங்கே சில சொற்களை நுழைத்து, விபத்துக்கும் இடம் வைத்துக்கொண்டார். தீர்க்கதரிசி என்ற பெயர் நிலைத்துவிட்டது. வட்டம் போட்டபின் அதை ரப்பரால் அழித்து நகர்த்தும் இந்த வித்தையை நம் விமர்சகர்கள் பலரிடம் பார்க்கிறேன். முன்னுரையில் ஒரு கொள்கை, இரண்டாம் பதிப்பில் சத்தமில்லாமல் இரண்டு வாக்கியம்.

பேரேடு எழுதிய காலத்து வங்கிக்காரர்கள் ஒரு விஷயம் சொல்வார்கள். கணக்கு டாலியாகாமல் வரும் வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பார்களாம். நல்ல விதி. ஆனால் அது எந்தப் பக்கத்தில் என்று சொல்லாது, இடம் மாறியதுதான் என்று சத்தியமும் செய்யாது. பக்கம் பக்கமாகத்தான் டிக் போட்டுப் போகவேண்டும். யூகத்துக்கு உள்ள யோக்கியதை அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது. எங்கே தொடங்கலாம் என்று சொல்ல அதற்கு உரிமை உண்டு.

அந்த வருஷம்தான் 'ரோஜர் ஆக்ராய்ட் கொலை' வெளிவந்தது. கதைசொல்லியே கொலையாளி. (இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்க.) அவன் பொய் சொல்வதில்லை, சில நிமிஷங்களைச் சொல்லாமல் விடுகிறான். அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடந்திருக்கிறது. அப்படி ஒரு நாவல் எழுதியவரின் பதினொரு நாள் இடைவெளியிலும் தந்திரம் இருக்கவேண்டும் என்று வாசகர்கள் முடிவுகட்டினார்கள். விளம்பரம் என்றார்கள் சிலர். ஞாபக மறதி என்று டாக்டர்கள் சொன்னதை நம்பியவர்கள் கொஞ்சம். 1979இல் ஒரு சினிமா, பிறகு புத்தகங்கள், இன்றுவரை ஓயவில்லை. படைப்பில் இருக்கும் மௌனத்தையும் ஒரு மனுஷியின் மௌனத்தையும் ஒரே சாவியால் திறக்கலாம் என்ற இந்த நம்பிக்கைதான் எனக்குக் கசக்கிறது. முன்னதைத் திறக்க நமக்கு அழைப்பு இருக்கிறது. மற்றதற்கு யார் அழைத்தார்கள்? ஓட்டலில் இருந்தபோது 'டைம்ஸ்' பத்திரிகையில் அவர் ஒரு விளம்பரம் கொடுத்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த தெரசா நீலின் உறவினர்கள் தொடர்பு கொள்ளவும் என்று. 11ஆம் தேதி அது வெளியாயிற்று. மறுநாள்தான் அந்தப் பெரிய ஞாயிற்றுக்கிழமை வேட்டை. ஒருத்தி தன்னைத் தேடச் சொல்லிக் கேட்கிறாள், வேறு பெயரில். ஊர் முழுக்கத் தேடுகிறது, வேறு ஒருத்தியை.

1977இல், இறந்தபின் வெளிவந்த சுயசரிதையில் அந்த வருஷம் வருகிறது. தாய் இறந்தது, தாய்வீட்டுச் சாமான்களைத் தனியாக உட்கார்ந்து ஒழித்தது, கணவர் வந்து சொன்னது. காசோலை ஒன்றில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவருக்குத் தன் பெயர் ஞாபகம் வரவில்லை. பிளாஞ்ச் அமோரியோ என்று தோன்றுகிறது. பிறகுதான் அது தாக்கரேயின் 'பெண்டென்னிஸ்' நாவலில் வரும் ஒரு பாத்திரம் என்று புரிகிறது. இவ்வளவும் விஸ்தாரமாக இருக்கிறது. ஹாரகேட் இல்லை. அதன்பின் மகளோடு கானரித் தீவுகளுக்குப் போகிறார்.