பாரசைட்: அரைநிலவறையும் அதன் வாசனையும்

"ஆஸ்கர் வாங்கிய படம்" என்றாலே நம்மில் பலருக்கு ஒரு பயம். ஆமை வேகத்தில் நகரும், கடைசியில் ஒன்றும் விளங்காது என்று. தென்கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' (2019) படத்துக்கு அந்தப் பயம் வேண்டாம். கான் விழாவின் தங்கப்பனை, 2020-இல் நான்கு ஆஸ்கர், ஆங்கிலமல்லாத படமொன்றுக்கு முதன்முறையாகச் 'சிறந்த படம்' விருது எல்லாம் கிடைத்த இந்தப் படம், முதல் ஒரு மணி நேரம் சுத்தமான ஆள்மாறாட்டக் காமெடி. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பீட்சா பெட்டி மடித்துப் பிழைக்கும் கிம் குடும்பத்தின் மகன், போலிச் சான்றிதழோடு பணக்கார பார்க் வீட்டுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கப் போகிறான். பின்னாலேயே தங்கை ஓவிய ஆசிரியையாக, அப்பா டிரைவராக, அம்மா வீட்டு வேலைக்கு என்று நால்வரும் யாரோ எவரோ மாதிரி உள்ளே நுழைந்து விடுகிறார்கள். பிறகு ஒரு மழை இரவில் வாசல் மணி அடிக்கிறது. அதற்கு மேல் சொல்வது பாவம்.

2020-இல் ஆஸ்கர் செய்தி வந்த கையோடு, "இது நம்ம 'மின்சார கண்ணா' கதையாச்சே!" என்று தமிழ்நாட்டில் பேச்சு கிளம்பியது நினைவிருக்கும். குடும்பமே வேஷம் போட்டு ஒரு பணக்கார வீட்டில் நுழைவது வரை ஒற்றுமை உண்டுதான். ஆனால் 1999-இல் வந்த அந்தப் படத்தில் காரணம் காதல், இங்கே வயிறு. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

என்னை உலுக்கியது கிம் குடும்பம் குடியிருக்கும் வீடு. பாதி தரைக்குக் கீழே, பாதி மேலே. கொரிய மொழியில் 'பன்ஜிஹா'. வடகொரியா தாக்கினால் பதுங்க வேண்டுமென்று 1970-களில் கட்டாயமாகக் கட்ட வைத்த நிலவறைகள், பின்னால் வீட்டுப் பஞ்சம் வந்தபோது வாடகை வீடுகளாகி விட்டன. ஜன்னலைத் திறந்தால் தெருவில் நடப்பவர்களின் கால்தான் தெரியும். அந்த ஈர வாடை துணியில் ஏறிவிடுகிறது. வேஷம் போடலாம், பேச்சை மாற்றலாம், வாசனையை என்ன செய்வது? நால்வர் மேலும் ஒரே வாசனை என்று முதலில் கண்டுபிடிப்பவன் பார்க் வீட்டுச் சின்னப் பையன். காரில் பின்சீட்டு அம்மாள் மூக்கைப் பொத்தி ஜன்னலைத் திறக்கும்போது, முன்சீட்டில் சாங் காங்-ஹோவின் முகத்தைப் பாருங்கள். ஒரு வசனம் கிடையாது.

பார்க் தம்பதி கெட்டவர்கள் இல்லை. மரியாதையாகப் பேசுகிறார்கள், சம்பளத்தில் குறை வைப்பதில்லை. இதுதான் சங்கடம். வில்லனாக இருந்தால் திட்டிவிட்டு எழுந்து வந்துவிடலாம். மும்பையில் எங்கள் கட்டடத்தில் நாங்கள் ஏற ஒரு லிஃப்ட், வேலைக்கு வருகிறவர்கள் ஏற ஒரு லிஃப்ட். இங்கே பலரும் ஒற்றை அறையில் ஐந்து பேராகத் தொடங்கியவர்கள்தான். படம் பார்க்கையில் நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே பிடிபடவில்லை.

அந்த மழை ராத்திரியில் மேட்டு வீட்டிலிருந்து படி படியாக இறங்கி ஓடுகிறார்கள், இறங்கிக் கொண்டே இருக்கிறார்கள். கீழே வீடு சாக்கடைத் தண்ணீரில் மிதக்கிறது. மறுநாள் காலை பார்க் வீட்டு அம்மாளோ, மழை பெய்ததால் வானம் பளிச்சென்று ஆகிவிட்டது, பிறந்தநாள் விருந்துக்கு எவ்வளவு வசதி என்று மகிழ்கிறாள். கதைதானே என்று தள்ள முடியவில்லை. 2022 ஆகஸ்டில் சியோலில் கொட்டிய மழையில், இதே போன்ற ஓர் அரைநிலவறை வீட்டில் ஒரு குடும்பத்தில் மூன்று பேர் வெளியே வர முடியாமல் மூழ்கி இறந்தார்கள். அதன் பிறகுதான் நகர நிர்வாகம் இவ்வகை வீடுகளைப் படிப்படியாக ஒழிக்கப் போவதாக அறிவித்தது.

குறை இல்லாமலில்லை. அதிர்ஷ்டக்கல் ஒன்றை வைத்துக்கொண்டு குறியீடு காட்டுவது கொஞ்சம் அதிகம். கடைசி அரைமணியில் ரத்தமும் உண்டு. குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள். சப்டைட்டில் படிக்கச் சலிப்பவர்களுக்கு ஒரு சேதி: கொரியாவில் குழந்தைகள் அப்பாவை 'அப்பா' என்றே கூப்பிடுகிறார்கள். அம்மாவும் கிட்டத்தட்ட அம்மாதான்.