மின்ட் கூலி குறைந்தது, செலவு குறைந்ததா?

டிஜிட்டல் சேகரிப்புப் பொருள் என்றாலே அது பெங்களூரு, சிங்கப்பூர் விவகாரம் என்று காரைக்குடியில் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்க வேண்டியதில்லை. காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் ஏ.வி. மெய்யப்பன் நடத்திய ஸ்டுடியோவில் உருவானதுதான் 1947இல் வெளியான ‘நாம் இருவர்’. அதற்கு அடுத்த ஆண்டு ஸ்டுடியோ சென்னைக்குப் போய்விட்டது. அதே ஏ.வி.எம். 2007இல் வெளியிட்ட ‘சிவாஜி’ படத்தையொட்டி பிளாக்செயின் சேகரிப்புகளை விற்கும் திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டது. ஆக, இந்த வியாபாரத்துக்கும் இந்த மண்ணுக்கும் தூரத்து உறவு உண்டு.

2021இன் அந்தச் சேகரிப்பு அலை ஓய்ந்த பிறகும் பேச்சு ஓயவில்லை. கண்டாங்கிச் சேலையின் கட்டம், ஆத்தங்குடிப் பூக்கல், வளவுத் தூண் என்று எதைப் படம் எடுத்தாலும் “இதை மின்ட் பண்ணிப் போடலாமே” (பிளாக்செயினில் டோக்கனாகப் பதியலாமே) என்று சொல்ல ஓர் இளைஞர் பக்கத்தில் இருக்கிறார். அவர் முன்வைக்கும் முதல் வாதம், உருவாக்கும் செலவு இப்போது ஒன்றுமே இல்லை என்பது. அந்த வாதத்தைத்தான் எடை போட வேண்டும். ஏனென்றால் அது பாதி உண்மை.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். ஈதரியம் வலையில் எந்த வேலைக்கும் கேஸ் என்ற அளவில் கட்டணம். ஒரு டோக்கனைப் பதிய ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கேஸ் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். சொந்த ஒப்பந்த நிரலை வலையில் ஏற்ற 30 லட்சம். 2021 நவம்பரில் அந்த வலையின் நாணயமான ஈதர் ஒன்று 4,500 டாலரைத் தாண்டியிருந்தது. கேஸ் விலை 100 குவேய் (ஈதரின் மிகச் சிறு அலகு) என்பது அப்போது சாதாரணம். அந்த விலையில் ஒரு டோக்கனுக்கு 5,000 ரூபாய், ஒப்பந்தத்துக்கு ஒரு லட்சம். 50 படங்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட, ஒரு படம்கூட விற்பதற்கு முன்பே மூன்றரை லட்சம் ரூபாய் போயிருக்கும். விற்றால்தான் காசு, விற்காவிட்டாலும் கட்டணம்.

இன்று நிலைமை அப்படியில்லை. பாலிகான் போன்ற வலைகளில் அதே வேலை பைசாக் கணக்கில் முடிகிறது. ஈதரியத்தின் மேல் அடுக்கு வலைகளில் 2024 மார்ச்சில் வந்த டென்கன் மேம்பாட்டுக்குப் பிறகு கட்டணம் வெகுவாக இறங்கியது. ‘சோம்பல் மின்ட்’ என்ற ஏற்பாட்டில் படைப்பாளி எதுவும் கட்ட வேண்டாம்; வாங்குகிறவர் வரும்போது அவர் தலையில் கட்டணம் விழும். மின்சாரச் செலவு பற்றிய குற்றச்சாட்டும் 2022 செப்டம்பர் 15க்குப் பிறகு பெரும்பாலும் அடிபட்டுப் போயிற்று. பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் முறை அன்று மாறியதால் ஈதரியத்தின் மின்நுகர்வு 99.95 விழுக்காடு குறைந்ததாக அதன் அமைப்பே கணக்குச் சொல்கிறது. கட்டணம் குறைந்ததும் அதனால்தான் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. அந்த மாற்றம் மின்சாரத்தைக் குறைத்தது, கேஸ் விலையைத் தொடவில்லை.

இனி மற்றப் பாதி. மின்ட் செய்தபோது பிளாக்செயினில் ஏறியது எது? படம் ஏறவில்லை. ஈதரியத்தில் 32 பைட் தகவலைப் புதிதாகப் பதிய 20,000 கேஸ். கைபேசியில் எடுத்த ஒரு எம்.பி. படத்தை முழுதாக ஏற்ற 65 கோடி கேஸுக்கு மேல் வேண்டும். 2021 விலையில் அது இரண்டு கோடி ரூபாயைத் தாண்டும். கேஸ் விலை நூறில் ஒரு பங்கானாலும் இரண்டு லட்சம். அதனால் யாரும் ஏற்றுவதில்லை. டோக்கனில் இருப்பது ஒரு எண்ணும் ஒரு முகவரியும்தான். படம் வேறெங்கோ ஒரு சர்வரில் இருக்கும், அல்லது ஐ.பி.எஃப்.எஸ். என்ற பகிர்வு வலையில் இருக்கும். அங்கேயும் யாராவது ஒருவர் தன் கணினியில் அதைப் பிடித்து வைத்திருந்தால்தான் கிடைக்கும். பிடித்து வைக்க மாதாமாதம் யாரோ பணம் கட்ட வேண்டும். 2022 நவம்பரில் கிரிப்டோ சந்தையான எஃப்.டி.எக்ஸ். திவாலானபோது, அந்த நிறுவனத்தின் சர்வரை நம்பியிருந்த டோக்கன்களைத் திறந்தவர்களுக்குப் படம் வரவில்லை. நிறுவனத்தின் மறுசீரமைப்புப் பக்கம் வந்தது. மலிவு மின்ட் என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தப் பராமரிப்புக் கணக்கை எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை.

அடுத்தது வரி. 2022 நிதிச் சட்டம் மெய்நிகர் டிஜிட்டல் சொத்து விற்பனை லாபத்துக்கு ஒரே வீதமாக 30 விழுக்காடு வரி வைத்தது, செஸ் தனி. வாங்கிய செலவைத் தவிர எதையும் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தோடு ஈடுகட்டவும் முடியாது. 2022 ஜூலை முதல் வரம்புக்கு மேற்பட்ட பரிமாற்றத்தில் ஒரு விழுக்காடு டி.டி.எஸ். வேறு. இதில் படைப்பாளிக்கு ஒரு சிக்கல் உண்டு. தானே உருவாக்கியவருக்கு ‘வாங்கிய செலவு’ என்று எதைக் காட்டுவது? கேஸ் கட்டணத்தையா, கேமராவையா? இதைத் தொழில் வருமானமாகக் காட்டலாம் என்பவர்களும் உண்டு, கூடாது என்பவர்களும் உண்டு. கிரிப்டோ மைனிங்குக்கான கருவிச் செலவை வாங்கிய செலவாக ஏற்க மாட்டோம் என்று 2022 மார்ச்சில் அரசு மக்களவையில் சொன்னதைப் பார்த்தால், கடுமையான வாசிப்புக்குத் தயாராக இருப்பதே நல்லது. அப்படி வாசித்தால் 10,000 ரூபாய்க்கு விற்ற படத்துக்கு 3,120 ரூபாய் வரி. வருமான வரி வரம்புக்குள்ளேயே வராத ஒரு நெசவாளிக்கும் இதே வீதம்தான். அடிப்படை விலக்கு இதற்குப் பொருந்தாது. பைசாவில் மின்ட் செய்து மூன்றில் ஒரு பங்கை வரியாகக் கட்டும் தொழிலை மலிவு என்று எந்த ஐந்தொகையில் காட்டுவது?

மூன்றாவது செலவு, மலிவே கொண்டு வந்தது. டோக்கன் சந்தையான ஓபன்சீ தளம் தன் இலவச மின்ட் வசதியைப் பற்றி 2022 ஜனவரியில் தானே ஒப்புக்கொண்டது: அதன் வழியாக உருவானவற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருட்டுப் படைப்புகள், போலித் தொகுப்புகள், குப்பை. பூட்டில்லாத கடையில் முதலில் நுழைவது யார் என்று சொல்லத் தேவையில்லை. செட்டிநாட்டுக்கு இதில் கூடுதல் வலி உண்டு. கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கூட்டு உரிமை. எந்தத் தனிநெசவாளியும் அந்தக் கட்டத்துக்குச் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் அந்தக் கட்டத்தை ஒரு வெளியூர்க்காரர் படம் எடுத்து மின்ட் செய்தால், பதிவேட்டில் முதல் பெயர் அவருடையது. அதை எதிர்த்துப் புகார் எழுதும் அலைச்சல் மட்டும் நெசவாளியுடையது.

எதிர்த் தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லியாக வேண்டும். முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில் ரவிவர்மா அச்சகத்துப் படங்களைப் பார்க்கலாம். 1894இல் பம்பாயில் தொடங்கிய அந்த அச்சகம் ஒரே சரஸ்வதியை எத்தனையோ படிகள் அடித்தது. படியெடுத்த பொருளுக்கும் சேகரிப்பு மதிப்பு வரும் என்றால், டோக்கனுக்கு ஏன் வராது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கடைகளில் விலை பேசப்படும் படத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அச்சிட்ட சேலையின் மேல் அசல் துணி ஒட்டியிருக்கும். ஓரத்தில் ஜரிகை, நகை வரும் இடத்தில் ஜிகினா, சில முத்துமணிகள் உதிர்ந்து கண்ணாடியின் அடியில் கிடக்கும். யாரோ ஒருவர் பல மாலைகள் உட்கார்ந்து செய்த வேலை. ஆயிரம் படிகளில் அந்த ஒன்றைத் தனியாக்கியது அந்தக் கை. டோக்கன் தருவது வரிசை எண். எண்ணும் ஒரு தனித்தன்மைதான், மறுக்கவில்லை. அதற்குத் தொடர்ந்து விலை கொடுக்க ஆள் இருக்கிறதா என்பதில்தான் சந்தேகம். டுவிட்டரின் முதல் பதிவுக்கான டோக்கனை 2021இல் 29 லட்சம் டாலருக்கு வாங்கியவர் அடுத்த ஆண்டு அதை ஏலத்துக்கு விட்டபோது, முதல் சுற்றில் வந்த உச்ச விலை சில நூறு டாலர்கள்.

டிஜிட்டல் ஓவியர் பீப்பிளின் படத்தை 2021 மார்ச்சில் 6.93 கோடி டாலருக்குக் கிறிஸ்டீஸ் ஏலத்தில் எடுத்த விக்னேஷ் சுந்தரேசன் தமிழர் என்பதில் நமக்குப் பெருமை இருக்கலாம். அந்த விலைக்கும் படத்தின் காப்புரிமை அவருக்கு வரவில்லை. இந்த இடத்தில் காரைக்குடிக்காரரின் பழைய கணக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை மெய்யப்பன் விலை கொடுத்து வாங்கினார். வாங்கியதால் அவரால் மற்றவர்களைத் தடுக்க முடிந்தது. 1949இல் பணம் வாங்காமல் அரசுக்கு விட்டுக்கொடுக்கவும் முடிந்தது. தடுக்கவும் கொடுக்கவும் முடிவதுதான் உடைமை. டோக்கன் வைத்திருப்பவரால் இரண்டாவது மட்டுமே முடியும், அதுவும் டோக்கனை மட்டும்.

மறுவிற்பனை ராயல்டி ஒன்றுதான் என்னைக் கொஞ்சம் அசைத்த வாக்குறுதி. இங்கே இடித்த வீட்டின் தேக்குத் தூண் டெல்லிக்கும் மும்பைக்கும் கைமாறிக் கைமாறிப் போகும்போது, அதைச் செதுக்கிய ஆசாரியின் வம்சத்துக்கு ஒரு காசு வருவதில்லை. ஒவ்வொரு விற்பனையிலும் பத்து விழுக்காடு படைத்தவருக்கு என்றபோது பலரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் அந்த ராயல்டியைப் பிளாக்செயின் வசூலிக்கவில்லை, சந்தைத் தளம்தான் வசூலித்தது. போட்டி வந்ததும் ஓபன்சீ 2023 ஆகஸ்ட் 31க்குப் பிறகு அதைக் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டது. வரவுப் பக்கத்தில் இருந்த ஒரே நிரந்தரப் பதிவு அத்தோடு அழிந்தது.

மிஞ்சுவது பொருளோடு கட்டிய டோக்கன். தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளின் உரிமையும் சட்டப்படி செல்லும் வகையில் டோக்கனோடு கைமாறுமானால், அதை மெய்நிகர் சொத்தாகக் கருத வேண்டியதில்லை என்று 2022 ஜூன் 30இல் மத்திய நேரடி வரிகள் வாரியம் அறிவித்தது. 30 விழுக்காட்டிலிருந்து வெளியேற இது வழி. ஆனால் பழஞ்சாமான் வியாபாரிகள் இதில் அவசரப்படக் கூடாது. நூறாண்டைக் கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. லண்டனில் டோக்கனை வாங்கியவருக்குப் பெட்டகம் போய்ச் சேராது. பழைய தேக்கில் புதிதாகச் செய்த பெட்டியை நூறு வருடப் பெட்டி என்று முதல் பதிவில் எழுதினால், பிளாக்செயின் அந்தப் பொய்யை அழியாமல் காக்கும்.

எனவே இந்த வசதியைப் புதுப் பொருளுக்கு மட்டும் பயன்படுத்தலாம்: தறியிலிருந்து இறங்கிய கண்டாங்கி, கண்ணாடித் தட்டின் மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த ஆத்தங்குடிக் கல். அதிலும் மூன்று நிபந்தனைகள் வேண்டும். பொருளும் டோக்கனும் சேர்ந்தே கைமாறும் என்று பில்லில் எழுதியிருக்க வேண்டும். படத்தைச் சேமித்து வைக்கும் கட்டணத்தைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து விலையில் ஏற்றியிருக்க வேண்டும். பதிவு செய்வது தனியாளாக இல்லாமல் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் போன்ற அமைப்பாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடினால் ஒரு சிறு தொகுப்பில் சோதித்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை. வெறும் படத்தை மின்ட் செய்து விற்கும் யோசனைக்கு, கட்டணம் ஒற்றைப் பைசாவானாலும், என் தீர்ப்பு வேண்டாம் என்பதே.