சேரலாதனின் பிடி

கபடியில் எல்லார் கண்ணும் பாடிப் போகிற ரெய்டர் மேல்தான் இருக்கும். மண்ணச்சநல்லூர்ப் பக்கம் பொங்கலையொட்டி நடக்கும் போட்டிகளிலும் விசிலும் கைதட்டலும் அவருக்கே விழும். ஆட்டத்தின் முழு ருசியும் தெரிய, ஓரத்தில் குனிந்து நிற்கும் கார்னர் ஆட்டக்காரரைக் கவனிக்க வேண்டும். வலது கார்னரில் தர்மராஜ் சேரலாதனைப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கல்லணைக்குக் கிழக்கே, தஞ்சை மாவட்டத்துத் திருச்சென்னம்பூண்டிக்காரர்; 1975இல் பிறந்தவர். கணுக்கால் பிடியில் மன்னர். போனஸ் புள்ளி கிடைக்க, போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை ஊன்றும்போது ரெய்டரின் மறுகால் தரையில் படக்கூடாது என்பது விதி. அந்த ஒரு கணம், உடலின் பாரமெல்லாம் முன்வைத்த காலில் நிற்கும். கார்னருக்கு வாய்ப்பே அதுதான். முந்திப் பாய்ந்தால் ரெய்டர் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்; பிந்தினால் கால் போயிருக்கும். சேரலாதன் பதற மாட்டார். கையாட்டம், தோள் வெட்டு எதற்கும் மயங்காமல், கால் எங்கே ஊன்றும் என்று பார்த்தபடி நிற்பார். ஊன்றியதும் இரண்டு கையும் கணுக்காலைப் பூட்டிவிடும். கவர் ஆட்டக்காரர்கள் வந்து விழுந்து அமுக்குவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

ரக்பியிலும் ஆளைச் சாய்ப்பது பெரிய கலை. ஆனால் அங்கே சாய்த்தவுடன் பிடியை விட்டுவிட வேண்டும். கபடியில் விடாமல் வைத்திருந்தால்தான் புள்ளி. ஆடும் வயதிலும் வித்தியாசம் உண்டு. அயர்லாந்து ரக்பி அணியை ஆண்டுக்கணக்கில் தலைமையேற்று நடத்திய பிரையன் ஓ'டிரிஸ்கால், 2014இல் 35 வயதில் விடைபெற்றார். சேரலாதனுக்கு நாடறிந்த பெயர் வந்ததோ 40ஐத் தொட்ட பிறகு. 2016இல் பாட்னா பைரேட்ஸ் புரோ கபடிக் கோப்பையை வென்றபோது அவரே கேப்டன். அந்த அக்டோபரில் ஆமதாபாத்தில் ஈரானை 38–29 என வீழ்த்தி உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2019இல், 44 வயதில், ஹரியானா ஸ்டீலர்ஸுக்குத் தலைமை தாங்கினார். வடநாட்டு இளைஞர்களுக்கும் அவர் ‘அண்ணா’தான்.

வயது ஏற ஏறக் காலின் வேகம் குறையும். எதிராளியின் காலைப் படிக்கும் கண்ணோ கூர்மையாகும். அந்தக் கண்ணை நம்பி ஆடியதால்தான் இத்தனை நீண்ட ஆட்ட வாழ்க்கை அவருக்கு வாய்த்தது. 2024இல் தமிழ் தலைவாஸ் பயிற்சிக் குழுவில் அவர் சேர்ந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரெய்டராகவே ஆசை. அவர்களில் சிலராவது கார்னரில் நின்று, பொறுத்திருந்து பிடிக்கப் பழக வேண்டும். சேரலாதனிடம் கற்க வேண்டிய முதல் பாடம் அந்தப் பொறுமைதான்.