அரிட்டம் கண்டபின்: சரக சங்கிதையின் இந்திரியத்தானம் – ஒரு திறனாய்வு

முன்னுரை

சாவு நெருங்குவதை முன்னறிவிக்கும் குறிகளை ஆயுர்வேதம் ‘அரிட்டம்’ என்னும். சரக சங்கிதையின் 8 தானங்களுள் ஒன்றாகிய இந்திரியத்தானம் தன் 12 இயல்களிலும் இப்பொருளையே பேசுகிறது. தமிழிலும் இத்தகைய மரபு உண்டு. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ‘ஆயுள் பரீட்சை’ என ஒரு பகுதி உள்ளது. சித்த மருத்துவர் சிறுநீரில் எண்ணெய்த் துளியிட்டு, அது பரவும் விதங்கொண்டு நோயின் தன்மையையும் தீரும் தீராமையையும் கணிப்பர். இவற்றைப் பற்றி எழுதுவோர் முன்னோர் அறிவை வியப்பதோடோ, மூடநம்பிக்கை என ஒதுக்குவதோடோ நின்றுவிடுவதுண்டு. குறியைக் கண்ட மருத்துவன் அடுத்துச் செய்யத்தக்கது யாது என்னும் வினாவை இந்திரியத்தானத்திடம் எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கம். இதே வினாவை நம் காலத்தில் எதிர்கொண்ட இங்கிலாந்தின், சிறப்பாக இலண்டனின், பட்டறிவு இங்கு ஒப்புநோக்காகக் கொள்ளப்படுகிறது.

குறியும் உறுதியும்

காய்க்கு முன் மலர் தோன்றுவது போலச் சாவுக்கு முன் அரிட்டம் தோன்றும் என்கிறது நூல். காய்க்காத மலர் உண்டு. மலராது காய்ப்பதும் உண்டு. ஆனால் சாவில் முடியாத அரிட்டம் இல்லை எனத் தன் உவமையின் எல்லையையும் தானே வரையறுக்கிறது. குறிகளோ ஒரு தரத்தன அல்ல. மிக நீண்டோ மிகக் குறுகியோ வரும் மூச்சு நோயாளியின் உடலில் காணத்தக்கது. மருத்துவனை அழைக்க வந்த தூதனின் தோற்றம் அவ்வுடலுக்குப் புறம்பானது. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தது நூலின் முதற்குறை. அரிட்டத்தையும் தவத்தாலும் இரசாயனத்தாலும் விலக்கலாம் என்ற கருத்தைக் குறித்து, சுசுருத சங்கிதை சற்றே இடம் விடுகிறது.

2015-இல் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் மூச்சின் மாற்றம், தோலில் திட்டுத்திட்டான நிறமாற்றம், உணர்வு குன்றல் ஆகியவற்றைக் குறிகளாகச் சுட்டுகிறது. எனினும் நோயாளி தேறவும் கூடும் என்பதால், 24 மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் நிலையை மீண்டும் ஆராயச் சொல்கிறது. குறிகள் சில ஒத்திருப்பினும் உறுதியின் அளவில் இரு நூல்களும் வேறுபடுகின்றன.

சொல்லும் ஒழுக்கம்

இந்திரியத்தானத்தின் இறுதி இயல் மருத்துவனின் சொல்லுக்கு வரம்பிடுகிறது. கேளாதவிடத்துச் சாவை அறிவித்தலாகாது. கேட்டாலும், அச்சொல் நோயாளியையோ பிறரையோ தாக்குமாயின் அறிவித்தலாகாது. நோயாளியிடம் உண்மையை மறைக்க விரும்பும் குடும்பத்தார் இவ்விதியைத் தமக்குச் சான்றாகக் காட்டக்கூடும். ஆனால் நூல் இம்முடிவை மருத்துவனின் பொறுப்பில் வைக்கிறதேயன்றி உறவினரின் உரிமையாக்கவில்லை.

இங்கிலாந்தில் எதிர்த்திசையில் ஒரு சிக்கல் எழுந்தது. இறக்கும் தறுவாயில் உள்ளோருக்கென வகுக்கப்பட்ட ‘லிவர்பூல் பராமரிப்பு நெறி’யில் தம் உறவினர் வைக்கப்பட்டதைச் சில குடும்பத்தார் அறியாதிருந்தனர். ஜூலியா நியூபெர்கர் தலைமையிலான குழு 2013-இல் இக்குறையைச் சுட்டி, அந்நெறியைப் படிப்படியாகக் கைவிடப் பரிந்துரைத்தது. இறுதி நாள்களைத் துல்லியமாக முன்னறிய வழியில்லை என்பதையும் அக்குழு வலியுறுத்தியது. உறுதியற்ற குறியைக் கொண்டு முடிவெடுத்தலும் அம்முடிவைச் சொல்லாது விடுதலும் ஒருங்கே நேர்ந்தால் விளையும் கேட்டுக்கு இது சான்று.

நூல் விட்ட இடம்

சாவை அறிவியாத மருத்துவன், அரிட்டம் தோன்றியவருக்கு மருத்துவம் செய்யவும் விரும்பலாகாது என்கிறது அதே இறுதி இயல். தீராப்பிணிக்கு மருந்தளிப்பவன் பொருளும் கல்விச்சிறப்பும் புகழும் இழப்பான் எனச் சூத்திரத்தானம் இதற்குக் காரணம் காட்டுகிறது. வீண் மருத்துவத்தால் நோயாளியை வருத்தாமை இவ்விலகலின் நன்மை. ஆயினும் எஞ்சிய நாள்களில் அவருடைய வலியைத் தணிப்பது யார் என்பதற்கு அவ்விதியில் விடையில்லை.

செவிலியாகத் தொடங்கிப் பின் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், 1967-இல் தென் இலண்டனின் சிடன்ஹாமில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை நிறுவியது அவ்வினாவுக்கு விடையாகவே அமைந்தது. நோய் தீராது என அறிந்த இடத்தில் மருத்துவரின் பணி முடிவதில்லை என்பதே அந்நிறுவனத்தின் அடிப்படை.

முடிவுரை

இந்திரியத்தானம் கூர்ந்து காணக் கற்பித்தது, சொல்லுக்கு வரம்பிட்டது, கண்டபின் நோயாளியை விட்டு விலகியது. முதலிரண்டைப் போற்றும் ஆய்வு மூன்றாவதையும் மறைக்காது எழுத வேண்டும். சித்த மருத்துவச் சுவடிகளில் தீராநோயாளிக்கு என்ன செய்யச் சொல்லப்பட்டுள்ளது என்பதைத் தனியே தொகுத்து ஆராய்தல் தமிழாய்வாளர் முன்னுள்ள பணி.