சிவகாமியின் சபதமும் இளையோர் நாவல் என்னும் வகைமையும்

இளையோர் நாவல் என்பது ஏறத்தாழ 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்காக எழுதப்படும், அல்லது அவர்களுக்கென்று பதிப்பிக்கப்படும் நாவல். இவ்வகைமையை நிலைபெறச் செய்தவர்கள் அமெரிக்க நூலகர்களும் பதிப்பாளர்களும். எஸ்.இ. ஹின்டன் பள்ளி மாணவியாக இருந்தபோது எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’ (1967) இதன் முன்னோடியாகச் சொல்லப்படுகிறது.

தமிழில் சிறுவர் இலக்கியம் உண்டு. அதற்கு அடுத்தபடி நேராகப் பெரியவர்களின் நாவல்தான். சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் சிறுவர் நூல்களுக்கு உரியது. யுவ புரஸ்காரில் உள்ள ‘யுவ’ என்பதோ எழுதுபவரின் வயதைக் குறிக்கிறது, படிப்பவரின் வயதை அல்ல. நடுவில் நிற்கும் பதினைந்து வயது வாசகர்கள் பெரும்பாலும் கல்கியிடம் போனார்கள்.

காஞ்சிபுரத்தைக் களமாகக் கொண்ட ‘சிவகாமியின் சபதம்’ 1940களில் கல்கி இதழில் தொடராக வந்தது. வார இதழின் ஒரே பிரதி வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை கைமாறியது. தொடரின் பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்த வீடுகளும் உண்டு. அந்த பைண்டு புத்தகத்தை யாருக்கானது என்று யாரும் கேட்கவில்லை.

நாயகனின் வயதை வைத்து வகைப்படுத்துவது பொதுவான வழக்கம். அப்படிப் பார்த்தால் முதல் பாகமான ‘பரஞ்சோதி யாத்திரை’ அப்பட்டமான இளையோர் நாவல். கல்வி கற்கக் காஞ்சிக்கு நடந்துவரும் கிராமத்து இளைஞன், வந்த அன்றே மதயானை மீது வேலெறிந்து சிறைப்படுகிறான். நான்காம் பாகமான ‘சிதைந்த கனவு’ அப்படியல்ல. வாதாபியிலிருந்து மீண்ட சிவகாமி, மாமல்லனுக்கு மனைவியும் மக்களும் இருப்பதைக் கண்டு ஏகாம்பரநாதரையே மணாளனாக வரிக்கிறாள். பதினான்கு வயதில் இந்த முடிவு ஏமாற்றமாகவே படும். அதே வாசகர் நாற்பதில் திரும்பப் படித்தால் பரஞ்சோதியின் சாகசங்களை வேகமாகப் புரட்டிவிட்டு இங்கே நின்றுவிடக்கூடும். நாவல் ஒன்றுதான், எந்த அடுக்கில் வைப்பது?

இந்த வகைமை, பள்ளியும் ஓய்வு நேரமும் வாய்த்த பதின்வயதை மனத்தில் கொண்டது. காஞ்சிபுரத்துத் தறி வீடுகளில் அந்த வயது நெடுங்காலம் வேறாக இருந்தது. கோர்வைச் சேலைக்குக் கரைப்பக்க நாடாவைத் தள்ள இரண்டாவது ஆள் வேண்டும்; அந்த இடத்தில் பெரும்பாலும் பிள்ளைகளே உட்கார்ந்தார்கள். அப்படி வளர்ந்தவர்களில் சிலர் முப்பது வயதில்தான் முதல் நாவலைத் தேடி நூலகத்துக்கு வரலாம். ‘இளையோர்’ என்று எழுதிய அடுக்கின் முன் நிற்க அவர்கள் கூச்சப்படுவார்கள். பொது நாவல் அடுக்கில் இருந்தால் அந்தத் தயக்கம் இல்லாமல் எடுத்துப் போவார்கள். பள்ளி மாணவரும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.