சிறு குறியும் மொழியின் இயல்பும்

கணினி நிரல்மொழிகளிற் புதுப்பொருள் தாராது எழுதுதலை மட்டும் எளிதாக்கும் வடிவங்களுக்குத் ‘தொடரியற் சர்க்கரை’ எனப் பெயரிட்டவர் பீட்டர் லண்டின், ஆண்டு 1964. இச்சர்க்கரை பற்றிய பூசல் சிறிதன்று. 2018 இல், ஒரு கோவையின் நடுவிலேயே மாறிக்கு மதிப்பளிக்கும் குறியொன்றைப் பைதான் ஏற்றது. அவ்விவாதம் விளைத்த கசப்பினால், அம்மொழியை ஆக்கிய கைடோ வான் ரோசம் இறுதி முடிவு கூறும் பொறுப்பினின்று விலகினார்.

முத்தையா அண்ணாமலை பைதான் கொண்டு ஆக்கிய தமிழ் நிரல்மொழியாகிய ‘எழில்’ இவ்வகையில் ஆராயத்தக்கது. ஆங்கிலவழி மொழிகளில் நிபந்தனைச்சொல் முன்னிற்கும், நிபந்தனை பின்வரும். தமிழிலோ நிபந்தனை முன்வர, ‘ஆனால்’ அதனைத் தொடரும். எழில் தமிழ் முறையையே தழுவுகிறது. அதன்பொருட்டு, மின்னஞ்சல் முகவரியிற் காணும் ‘அட்’ குறியை நிபந்தனையின் தலையில் இடுகிறது. வருவது நிபந்தனை என அக்குறி கணினிக்கு முன்னறிவிக்கும்.

இதிற் குறையும் உண்டு. அக்குறி தமிழெழுத்தன்று, கற்போனுக்கு அதன் காரணம் எளிதிற் புலனாகாது, மறந்தால் நிரல் பிழைபடும். குறியை நீக்கிச் சொல்லை முன்வைத்தல் எளிதன்றோ எனின், எளிதே. ஆயின், அப்பொழுது சொல் மட்டுமே தமிழாகும், நடை ஆங்கிலமாகும்.

கட்டுக்கரைக் குளத்து நீரால் விளையும் முருங்கன் வயல்களில், ஒருவன் தன் வசதிக்காக வரம்பை வெட்டின் அயல்வயல் வாடும். வசதியை அளக்குங்கால், அதன் சுமை யார்மேல் விழுகிறது என்பதே வினா. எழிலின் குறி எழுதுவோனிடம் ஒரு விசையழுத்தம் கேட்கிறது. வாசிப்போர் அனைவர்க்கும் தமிழ் நடையைத் தருகிறது. எழுதுவோன் ஒருவன், வாசிப்போர் பலர். ஆதலின் அக்குறி ஏற்கத்தக்கதே என்க.