சிப்போந்தோவின் கம்பி ஆலயம்

இத்தாலியின் புலியா மாநிலத்தில், அட்ரியாட்டிக் கடலோரம், மன்ஃப்ரெதோனியா நகரை ஒட்டி இருக்கிறது சிப்போந்தோ. ஒருகாலத்தில் துறைமுகம், ஆயரின் பீடம். நிலநடுக்கமும் சதுப்பும் 13ஆம் நூற்றாண்டில் ஊரைக் காலி செய்துவிட்டன. மக்கள் அரசன் மன்ஃப்ரெட் நிறுவிய புதிய நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று அங்கே நிற்பது சாந்தா மரியா மஜ்ஜோரே என்ற 12ஆம் நூற்றாண்டு தேவாலயம். அதன் பக்கத்தில், அதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்த பசிலிக்கா ஒன்றின் அடித்தளமும் மொசைக் தரையின் துண்டுகளும் மிஞ்சியிருந்தன. 2016இல் எதுவார்தோ திரெசோல்தி என்ற இளம் சிற்பி, அந்த மிச்சத்தின் மேல் பழைய ஆலயத்தைக் கம்பி வலையால் எழுப்பினார். 14 மீட்டர் உயரம், சுமார் 4,500 சதுர மீட்டர் வலை, 7 டன் எடை. பணியைக் கொடுத்தது பண்பாட்டு அமைச்சகம்.

துத்தநாகம் பூசிய, சாதாரணச் சதுரக்கண் வலைதான் பொருள். அதை வைத்து அவர் செய்திருப்பது அசாதாரணம். ஒரு வலைக்குப் பின்னால் இன்னொன்று வரும் இடத்தில் கம்பிகள் கூடிக் கறுத்து, தூண் திரண்டு நிற்கிறது. இரண்டடி நகர்ந்தால் அதே தூண் கரைந்து, பின்னால் வேறொரு வளைவு உருப்பெறுகிறது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வானம். இல்லாமல் போன ஒன்றை, இல்லாமல் போனது என்ற உணர்வு குலையாமல் காட்டுவது எளிதல்ல. சிற்பமாக இது முதல் தரமான படைப்பு. அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் இது நிற்பது காட்சிக்கூடத்தில் அல்ல, அகழாய்வுத் தளத்தில், ஒரு சமூகம் வழிபட்ட தரையின் மேல். ஆகவே கலையழகைத் தாண்டி இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும்: இது சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியவர்களே இத்தாலியர்கள்தான். மீட்புக் கோட்பாட்டாளர் செசாரே பிராந்தியின் வழிவந்த கலைஞர்கள், ஓவியத்தில் உதிர்ந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். தள்ளி நின்றால் படம் முழுமையாகத் தெரியும். கிட்டே போனால் எது மூலம், எது நிரப்பியது என்பது புலப்படும். திரெசோல்தியின் வலை, கட்டட அளவில் கிட்டத்தட்ட அந்தக் கோடுகளின் வேலையைத்தான் செய்கிறது. எனினும் அந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. சுற்றியுள்ள பகுதி வழிகாட்டினால்தான் நிரப்பலாம்; இல்லாவிட்டால் வெறுமையாக விட்டுவிட வேண்டும். பழஞ்சின்னங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964இன் வெனிஸ் சாசனமும், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. சிப்போந்தோவில் அடித்தளம் சொல்வது மூன்று நடைப்பகுதிகளையும் ஒரு பீட வளைவையும்தான். தூண்தலைகள் எப்படி இருந்தன, சுவர் எவ்வளவு உயர்ந்தது என்று தரை சொல்லாது. வலையோ தரை சொன்னதையும் சொல்லாததையும் ஒரே உறுதியோடு, ஒரே கம்பியில் வரைகிறது.

இதற்கு மாறான உதாரணம் ஒன்று உண்டு. பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளினின் வீடு இருந்த இடத்தில், 1976இல் கட்டடக் கலைஞர் ராபர்ட் வென்சூரியும் கூட்டாளிகளும் வெறும் எஃகுச் சட்டத்தால் வீட்டின் வெளிக்கோட்டை மட்டும் நிறுத்தினார்கள். வீட்டின் தோற்றம் பற்றிப் போதிய சான்று இல்லை என்பதால் சன்னல், கதவு என்று எதையும் இட்டுக்கட்டவில்லை. பார்க்க வறண்டிருக்கும், ஆனால் பொய் சொல்லாது. சிப்போந்தோவுக்கு இல்லாமல் போனது அந்தத் தன்னடக்கம். இரவில் விளக்கேற்றியதும் நிலைமை இன்னும் மோசம்: பகலில் வானத்தை உள்ளே விட்ட வலை ஒளியில் கெட்டிப்பட்டு, ஊகம் முழுவதும் மெய்யான ஆலயம் போல நிற்கிறது. உலகெங்கும் பரவிய படங்களில் பல அந்தப் பொழுதில் எடுத்தவை. மொசைக் தரை அவற்றில் கண்ணில் படுவதே அரிது.

ஆகவே என் முடிவு இது. சிற்பம் நிலைக்கட்டும், மறந்துபோன ஓர் இடத்துக்கு மக்களை மீண்டும் வரவழைத்த படைப்பை இறக்கச் சொல்வது அநியாயம். ஆனால் அதைப் ‘புனரமைப்பு’ என்று அழைக்கும் உரிமையை நான் தரமாட்டேன். இரவு விளக்கைத் தணித்துத் தரைமேல் திருப்ப வேண்டும். அகழாய்வில் கிடைத்தது எது, கலைஞரின் கற்பனை எது என்று பார்வையாளருக்கு அங்கேயே சொல்ல வேண்டும். மற்ற தொல்லியல் தளங்கள் இந்த வடிவத்தை நகலெடுப்பதற்கு முன் இந்த இரண்டும் நடந்தாக வேண்டும்.